பாதியில் திரும்பி வருகிறவள்

லாரி ஓட்டுகிறவன் காய்ச்சலில் விழுந்து, அண்ணன் வீட்டில் வந்து படுத்தான். எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு வெளியூரில் வேலை. அண்ணி அவனைத் தண்டச்சோறு என்று திட்டிவிட்டு, வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். வாய்தான் பொல்லாதது, பாதி வழியில் திரும்பி வந்து நம்மைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினான். உடம்பும் தேறி வந்தது.

ஒருநாள் அதற்காக நன்றி சொன்னான்.

"நான் எங்க வந்தேன்?" என்றாள் அண்ணி. "பாத்திரம் கழுவ எழுந்திரிக்க முடியுது, வேலைக்குப் போக மட்டும் முடியலையா? யார்கிட்ட நாடகம் ஆடுறே?"

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. சமையலறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நீ எப்படிக் கழுவுறேன்னு பார்க்கிறேன்."

உள்ளே குழாய் திறந்தது. தட்டுகள் உரசின. பிறகு தண்ணீர் நின்றது. யாரோ கதவை உள்ளிருந்து இழுத்தார்கள்.

"தம்பி, அவகிட்டேருந்து சாவியை வாங்குப்பா."

அது அண்ணியின் குரல்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவள் ஒருநாளும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அவள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான்.