நீலக் கண் கெளுத்தி

"சாயங்காலம் அவர் பெங்களூர்ல இருந்து வந்துருவார், அண்ணாச்சி. அதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு தொட்டியில நீந்தணும்."

சாலை பஜாரின் வண்ண மீன் கடையில் கலைச்செல்வி டிபன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே செத்துப்போன மஞ்சள் கெளுத்தி. அவள் தொட்டியைக் கழுவிவிட்டு, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியதன் பலன்.

"துடுப்பையும் கண்ணையும் பார்த்தே ரகம் சொல்ற ஆளு அவர். எங்க அத்தை காதுக்கும் போகக் கூடாது. உடனே மகனுக்குப் போன் போட்டுருவாங்க."

கணவன் ஹரிஷங்கர் மீனை வாங்கிய அன்று எடுத்த படத்தைக் காட்டினாள். கடைக்காரர் தாணுமாலையன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாயி, படத்துல உள்ளது நீலக் கண், குட்டைத் துடுப்பு. டப்பால கெடக்கது சிவப்புக் கண், நீளத் துடுப்பு. நெறம் ஒண்ணு, ரகம் வேற."

"அதெப்படி? எங்க வீட்ல ஒரே கெளுத்திதானே!"

"இதும் நான் வித்ததாக்கும். ஓணத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தப்ப, உங்க மாமியார் இதே மாதிரி டப்பாவோட வந்தாவ. நீலக் கண் அப்ப இல்ல. மகன்கிட்ட சொல்லிராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு, இதக் கொண்டு போனாவ."

கலைச்செல்வி டப்பாவுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள். ஓணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஹரிஷங்கர் 'அபூர்வ நீலக் கண்' என்று காட்டிப் பெருமையடித்தது இதைத்தான்.

"இப்ப நீலக் கண் வந்திருக்கு. எடுக்கட்டா?"

"கண்ணு எதுனாலும் சரி, அண்ணாச்சி. சட்டுனு சாகாத ரகமாப் பார்த்துக் குடுங்க."