காலநிலைக்கு ஓர் உதாரணம்

ஆன்லைன் வகுப்பு தொடங்கும் நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வேலை நேரத்துல தொல்லை பண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று எரிந்து விழுந்தார் புவியியல் ஆசிரியர். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. ஹெட்போனை மாட்டியதும் அவர் குரலில் தேன் வழிந்தது.

'மின்மினி' என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்திருந்த மாணவி, வழக்கம்போல கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு எழுதிக் கேட்டாள்: "சார், வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம்? இன்னும் புரியல."

"அதனால என்னம்மா, நூறு தடவை கேளு. இன்னிக்கு மழை பெஞ்சா அது வானிலை. ஒரு ஊர் வருஷக்கணக்கா எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்றது காலநிலை."

"எங்கப்பா தினமும் என்மேல எரிஞ்சு விழறாரு. அது காலநிலையா சார்?"

ஆசிரியர் சிரித்துவிட்டார். "அருமையான உதாரணம்! பாவம்மா நீ. அந்த மனுஷனுக்கு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

முதல்முறையாக அவள் மைக் திறந்தது. அவள் பேச வாயெடுப்பதற்குள், ஹெட்போனில் அவருடைய மனைவியின் குரல் முந்திக்கொண்டது:

"மெதுவாப் பேசுடி! பக்கத்து ரூம்ல அப்பா பாடம் நடத்துறாரு. காதுல விழுந்தா வீடு ரெண்டாயிடும்."