அப்பாவின் மாத்திரை

“தூக்க மாத்திரைய திடீர்னு நிறுத்தினீங்களா?”

டாக்டர் பொதுவாகத்தான் கேட்டார். மகள் குனிந்து அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

காலையில் அப்பா பல் துலக்கியபடியே குளியலறை வாசலில் சாய்ந்தார். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. இப்போது நெற்றியில் நான்கு தையலோடு மருத்துவமனைக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

அண்ணன் முந்திக்கொண்டான். “வாய்ப்பே இல்ல டாக்டர். தங்கச்சிதான் பாத்துக்குறா. அப்பா முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பா.”

நின்றாள். அது உண்மைதான்.

“நான்தான் டாக்டர்,” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. “அஞ்சு நாளா முழுங்கல. அவ அந்தப் பக்கம் போனதும் துப்பிட்டேன்.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டு வருடம் பழகிய மாத்திரையை ஒரே நாளில் விட்டால் வலிப்பு வராமல் என்ன செய்யும், குறைப்பதென்றால் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டாமா என்று சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டினார்.

மின்கம்பம் ஏறியே ஓய்வுபெற்ற மனிதர், மேலதிகாரிகளிடம்கூட ஒரு சொல் வாங்காதவர், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மருந்துச் சீட்டு அவள் கைக்கு வந்தது. கடை கீழ்த்தளத்தில்.

படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா எதையும் துப்பவில்லை. அவள் கொடுத்ததைத்தான் விழுங்கினார். கொடுத்தது தூக்க மாத்திரை இல்லை.

தையல் ஆலையில் அவள் மேற்பார்வையாளர். நாற்பது பெண்களை வேலையிலிருந்து நிறுத்தும் பட்டியலை அவளையே வாசிக்கச் சொன்னார்கள். அதில் மூன்றாவது பெயர், பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளுடையது.

அன்றைக்கு இரவு தூக்கம் வராமல், அப்பாவின் மாத்திரையில் பாதியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு நாளைக்குத்தானே என்று.

ஏழு மாதத்தில் பாதி மூன்றானது. சீட்டில்லாமல் கொடுத்துவந்த கடைக்காரர் போன வாரம் கையை விரித்துவிட்டார். ஒரு நாள் பல்லைக் கடித்துப் பார்த்தாள். விரல்கள் ஊசியில் நூல் கோக்க மறுத்தன. உள்ளே யாரோ ஓடிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

அப்பாவின் டப்பாவில் இருந்ததை எடுத்துக்கொண்டு, அதே அளவில், வெள்ளையாய் இருந்த சத்து மாத்திரைகளைப் போட்டாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் நாக்கில் வைத்து ஒரு கணம் நிறுத்தினார்.

“இது கசக்குது. நீ குடுத்தது இனிச்சுது. மொத நாளே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏம்ப்பா முழுங்குனீங்க?”

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“அன்னிக்கு உன் கை அப்படி நடுங்குச்சு. என்னைவிட உனக்குத்தான் அவசரம்போலன்னு நெனச்சேன். எனக்கென்ன, தூக்கம்தானே போகும்.”

அவள் அட்டையை அவர் தலையணையோரம் வைத்தாள். கைப்பையைத் திறந்து, அவருக்குச் சேரவேண்டிய கடைசி இரண்டு மாத்திரைகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் நான்காவது கட்டிலருகே இருந்தார். அவர் திரும்பும்வரை, கையை மூடாமல், பின்னால் நின்றாள்.