கிரேஹவுண்டுக்கு மெத்தை

மட்டாஞ்சேரியில் அந்த வீட்டு நாற்காலியில் வெங்கிட்டுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் சங்கர்ராமிடம் ‘சரி’ வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. முன்பு வந்த நாலு பேரும் அவர் கேட்ட கேள்விகளில் தோற்றுத் திரும்பியவர்கள்.

“கிரேஹவுண்ட் நாய் எங்கே படுக்கணும்?”

“மெத்தையில, மாமா. உடம்புல கொழுப்பில்லை, வெறுந்தரைன்னா எலும்பு அழுந்திப் புண்ணாகும்.”

“கழுத்துப்பட்டை?”

“அகலமா வேணும். தலை சின்னது, ஒல்லிப் பட்டைன்னா உருவிண்டு ஓடிடும்.”

“ஓடினா?”

“துரத்தப்பிடாது. நாம எதிர்ப்பக்கம் ஓடினா, அது நம்மைத் துரத்திண்டு வரும்.”

மூலையில் படுத்திருந்த கிரேஹவுண்ட் எழுந்து வந்து, நீண்ட மூக்கை அவன் மடியில் வைத்தது.

சங்கர்ராம் உள்ளே பார்த்து மகளுக்குக் குரல் கொடுத்தார்.

“ஸாதனா, சாயா கொண்டு வா மோளே! உன் நாய்க்கு மாப்பிள்ளையைப் பிடிச்சாச்சு. இனி உனக்குப் பிடிக்கறதான்னு வந்து பாரு!”