ருஷ்யத் துயரம்

"முதல்ல அவரு பல்லைப் புடுங்க விடுங்க! காலையிலேருந்து துடிக்கிறாரு"ன்னு கத்தினா கிளஃபீரா.

"எழுத்தாளர்னா முகத்துல வேதனை வேணும்டி! பதிப்பாளர் படத்தைப் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் அந்தப் பல்லு இருக்கட்டும். இன்னிக்கு மெலென்தியேவ் படம் இல்லேன்னா நம்ம ஸ்டுடியோவுக்குப் பூட்டுதான்"னான் அவ புருஷன், போட்டோக்காரன் யெவ்சேய்.

பல்வலியோட நாற்காலியில உக்காந்திருந்த தாடிக்காரர் தலை அசையாம இருக்க, பின்னாடி இரும்புக் கவ்வியை வச்சு இறுக்கினான். அவரு முனகினாரு. படம் பிரமாதமா வந்துச்சு.

சாயந்திரம் மாஸ்கோவிலேருந்து பதிப்பாளர் வந்தாரு. மெலென்தியேவோட அவருக்குக் கடிதப் பழக்கம் மட்டும்தான். படத்தைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு.

"அடடா! ருஷ்யாவோட மொத்தத் துயரமும் இந்த முகத்துல இருக்கேப்பா!"

அவரு படத்தோட கிளம்பினதும் கிளஃபீரா உள்ரூமைப் பாத்துக் குரல் கொடுத்தா.

"அண்ணா! இப்பவாவது போய்ப் பல்லைப் புடுங்கிக்கோ!"

நிஜ மெலென்தியேவ் அன்னிக்குக் காலையிலேயே குடிச்சுட்டுத் தூங்கிட்டாரு. ஸ்டுடியோ பக்கமே வரல.

இன்னிக்கும் எங்க பீட்டர்ஸ்பர்க்ல பாதி வீட்டுல அந்தப் படம்தான் தொங்குது. உங்க வீட்டுலயும் இருந்தா, தாடிக்கு மேல இடது கன்னம் வீங்கியிருக்கான்னு பாத்து எனக்கு ஒரு வரி எழுதுங்க.