நாற்பத்தேழாவது நகர்வு

றிம்ஸியா மடிக்கணினியைப் பார்த்து நகர்வுகளை வாசிக்க, நான் பதிவுத்தாளில் பேனையால் எழுதிக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் ஆடிய செஸ் ஆட்டம்தான். ஒவ்வொரு நகர்வையும் கணினியே பதிந்து வைத்திருக்கிறது. ஆனாலும் முறைப்பாடு என்று வந்தால், ஆட்டத்தைக் கையால் எழுதி ஆராய்ந்து, ஒப்பமிட்டுக் கோப்பில் போடவேண்டும் என்பது எங்கள் கழகத்தின் சட்டம். ஒட்டுசுட்டான் சந்தியில், உரக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில் நடக்கிற கழகம். ஆட்கள் பதினொரு பேர். சட்டத்துக்கு மட்டும் குறைவில்லை.

செயலாளர் நான். பொருளாளர் றிம்ஸியா. விசாரிக்க வேண்டியவர்கள் நாங்கள் இருவரும்தான்.

முறைப்பாடு இதுதான்: கறுப்புக் காய்களால் ஆடி வென்ற ஜெயபுரத்துக் கிருசாந்தி, பக்கத்தில் இன்னொரு கணினியை வைத்துக்கொண்டு, அது சொல்லச் சொல்ல ஆடியிருக்கிறார்.

உண்மை என்றால் அவருக்கு ஒரு வருடத் தடை. மாகாண அணிப் போட்டிக்கு நாங்கள் அனுப்பும் நாலு பேரில் கடைசி இடம், தோற்ற வெள்ளைக்குப் போகும்.

கிருசாந்தியை நாங்கள் நேரில் கண்டதில்லை. வயல் செய்கிறவர். போன மாசியில்தான் வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுச் சேர்ந்தார். பயிற்சி வகுப்பு ஒன்றுக்கும் போனதில்லை என்று அவரே எழுதியிருந்தார்.

வெள்ளை சும்மா ஆள் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் வலய மட்டத்தில் கிண்ணம் எடுத்தவர். எட்டாவது நகர்வில் மந்திரியைக் கொண்டுபோய் வைத்த இடத்தைப் பார்த்தாலே தெரியும், அது விசயம் தெரிந்த கை.

கணினி அந்த நகர்வுக்குப் பிழை என்று ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. கணினிக்கு எல்லாம் விளங்கும் என்றில்லை.

றிம்ஸியா அடுத்த நகர்வை வாசித்தார்.

பத்தொன்பதாவதில் நான் பேனையை நிறுத்தினேன். அங்கேதான் கறுப்பு நாலு நிமிடம் ஒன்றும் ஆடாமல் இருந்திருக்கிறார். பிறகு வந்து, ஒரு கோட்டையைப் பலிகொடுத்து ஆட்டத்தையே புரட்டிப்போட்டார். விளக்கம் கேட்டதற்கு, வயலுக்குள் மாடு இறங்கிவிட்டது, கலைத்துவிட்டு வந்தேன் என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

மாடு கலைக்கப் போனவருக்கு வரம்பில் வைத்து இப்படி ஒரு நகர்வு தோன்றியதாம். சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டேன்.

நாற்பத்தாறு வரை கறுப்பின் ஆட்டத்தில் கணினிக்குப் பெரிய பிழை ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. அறிக்கையின் முதல் வரியை மனதுக்குள் எழுதிவிட்டேன்.

நாற்பத்தேழாவது நகர்வில் கறுப்பின் சிப்பாய் ஒன்று நடந்து நடந்து வெள்ளையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது திரையில் ராணி, கோட்டை, மந்திரி, குதிரை என்று நாலு படம் வரும். எதைத் தொடுகிறோமோ, சிப்பாய் அதுவாக மாறும். அநேகமாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ராணியைத்தான் தொடுவார்கள். ராணி வந்திருந்தால் இன்னும் மூன்று நகர்வில் ஆட்டம் முடிந்திருக்கும்.

"இதென்ன சேர், குதிரையை எடுத்திருக்கிறா?" என்றார் றிம்ஸியா.

திரையை என் பக்கம் திருப்பினேன். கணினி சிவப்பில் இரண்டு கேள்விக்குறி போட்டிருந்தது. சிப்பாய் போய் ஏறியது, ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளையின் குதிரை நிற்கிற கட்டம்.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் நாங்களும் அப்படித்தான் ஆடினோம். சிப்பாய் எந்தக் கட்டத்தில் ஏறுகிறதோ, அந்தக் கட்டத்துக்குரிய காயாகத்தான் எழும்பும். கோட்டைக் கட்டத்தில் ஏறினால் கோட்டை, குதிரைக் கட்டத்தில் ஏறினால் குதிரை. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியது. புத்தகம் யாரிடம் இருந்தது? முதன்முதலாகப் போட்டிக்குப் போய், நடுவரிடம் ஏச்சு வாங்கியபோதுதான் அப்படி ஒரு சட்டமே இல்லை என்று எனக்குத் தெரியவந்தது.

கிருசாந்திக்கு ஒருவரும் ஏசவில்லை. நாலு படமும் வந்தபோது, ராணியைத் தொட வழி இருந்தும், தான் முறை என்று நம்பியதைத் தொட்டிருக்கிறார்.

கணினி சொல்லி ஆடுகிறவருக்கு இந்தப் பிழை வராது. கள்ளம் செய்ய நினைக்கிறவருக்கும் வராது. அந்தக் குதிரையை வைத்துக்கொண்டு இன்னும் இருபத்தாறு நகர்வு பாடுபட்டுத்தான் அவர் வென்றிருக்கிறார்.

மீதியை எழுதி முடித்தேன். எழுபத்துமூன்றாவதில் வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டார்.

'கணினி உதவி பெறப்படவில்லை. ஆட்ட முடிவில் மாற்றமில்லை. முறைப்பாடு மீளப்பெறப்படுகிறது' என்று அறிக்கையில் எழுதினேன். செயலாளர் என்ற இடத்தில் ஒப்பமிட்டேன். றிம்ஸியாவும் தன்னுடைய இடத்தில் ஒப்பமிட்டார். அவருக்கு நாலு மணி முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

தாளைக் கோப்பில் போடப்போனேன். அவர் விடவில்லை. வாங்கி, மேசையில் மறுபடியும் என் முன்னால் வைத்தார்.

"கீழேயும் ஒருக்கா வையுங்கோ சேர். முறைப்பாடு குடுத்த ஆளும் ஒப்பம் வைக்கோணுமெல்லே."

வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து அணிப் பட்டியலை எடுத்தேன். நாலாவது இடத்தில், தோற்ற அன்றைக்கே எழுதிவைத்திருந்த என் பெயரை வெட்டிவிட்டு, கிருசாந்தி என்று எழுதினேன்.