கடலில் இருப்பவர்களுக்காக

மீன்பிடிக்கப் போயிருந்த ததேயுஸின் உடல் புயலுக்குப் பின் கரைக்கு வரவில்லை. அப்படி ஆளை இழந்த மற்ற வீட்டார் வெறும் பெட்டியை அடக்கம் செய்தார்கள். அவன் மனைவி ஜெனிட்டா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு வருவாரு. செத்தவங்களுக்கு உள்ள செபத்த என் வீட்டுல சொல்லப்பிடாது" என்றாள்.

நிவாரணம் கொண்டுவந்தவர்கள் அடுத்த மழைக்குள் போய்விட்டார்கள். தெருவின் செபக்கூட்டத்துப் பெண்கள் மட்டும் வருடக்கணக்காக, சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டைப் பெருக்கி, அவளைச் சாப்பிட வைத்து, பிறகு முழங்காலிட்டு, கடலில் இருப்பவர்களைக் கரை சேர்க்கும்படி வேண்டினார்கள். ஒருத்தியும் அவளைத் திருத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை, கூட்டத்தை நடத்தும் புஷ்பத்தின் கையை ஜெனிட்டா பிடித்தாள்.

"மைனி, இண்ணைக்கு மத்த செபத்தச் சொல்லுங்க."

"எது மக்களே?" என்று புஷ்பம் அவள் பக்கம் குனிந்தாள்.

"செத்தவங்களுக்கு உள்ளது."

புஷ்பம் வாயைத் திறந்தாள்; வந்தது கடலில் இருப்பவர்களுக்கான பழைய செபம்தான். இத்தனை காலமும் தன்னோடு சேர்ந்து இவளும் அவனுக்காகக் காத்திருந்திருக்கிறாள் என்பது ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இறந்தவர்களுக்கான செபத்தின் முதல் வரியை அறையில் எவராலும் சொல்ல முடியவில்லை. ஜெனிட்டாவே கணவனின் பெயரைச் சொல்லித் தொடங்கினாள். பாதியில் அவள் நின்றபோது, மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள்.